சிப்பியும் மட்டியும்: வீட்டில் பக்குவமாய்ச் சமைக்கும் முறை

நமது கடற்கரை ஜில்லாக்களில் மீனுக்குள்ள மதிப்பு சிப்பிக்கும் மட்டிக்கும் இல்லை. கரையில் வாழும் மீன்பிடிக் குடும்பத்தார் இவற்றை விரும்பி உண்கின்றனர். கடலுக்கு ஐந்தாறு மைல் உள்ளே நஞ்சையும் தோப்பும் வைத்திருக்கும் குடித்தனக்காரரோ, மீன் உண்ணும் வழக்கமுடையவரேயாயினும், சிப்பி என்றதும் சுண்ணாம்புக் காளவாயை நினைக்கிறாரேயன்றி அடுப்பங்கரையை நினைப்பதில்லை. கன்னியாகுமரி ஜில்லா ஒன்றே இதற்கு விலக்கு. அங்கே கடற்கரையினின்றும் தூரத்திலுள்ள சந்தைகளிலும் சிப்பி விலைபோகின்றது. மற்ற இடங்களில் இதனை ஒதுக்குவோர் கூறும் காரணங்கள் இரண்டு. உண்ணும்போது பல்லில் மணல் நறநறவென்கிறது என்பது ஒன்று. உண்டபின் உடம்புக்கு ஆகாமற் போகிறது என்பது மற்றொன்று. முதலாவது, கழுவும் முறை தெரியாமையால் வருவது. இரண்டாவது முற்றும் ஆதாரமற்றதென்று தள்ளிவிடக் கூடியதன்று. அதனை இக்கட்டுரையின் பிற்பகுதியில் விரிவாக எடுத்துரைப்போம். கிராம அதிகாரிகள் அப்பகுதியை முக்கியமாகக் கவனிக்கும்படி வேண்டுகிறோம்.

இரண்டு ஓடுகளுக்கிடையே உடலை வைத்து வாழும் பிராணிகளில் நமது சமையலுக்கு அகப்படுவன பெரும்பாலும் இரு வகை. பாறைகளிலே நார்போன்ற இழைகளாற் பற்றிக்கொண்டு, நீண்ட முக்கோண வடிவமாய் வளருவதைத் தென்கோடியில் சிப்பி என்கின்றனர். மலையாளத்தின் வடபகுதியில் இதற்குக் கல்லும்மக்காய் என்று பெயர். இதிலும் பழுப்புநிற ஓடுடையது விழிஞ்ஞம் முதல் கன்னியாகுமரி வரையிலுள்ள பாறைக் கரைகளில் மிகுதி. பச்சைநிற ஓரமுடையது மலையாளக் கரையிலும் கிழக்குக் கரையில் சிற்சில இடங்களிலும் கிடைக்கும். மற்றொரு வகை மட்டி. இது கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் மணலும் சேறும் கலந்த தரையிற் புதைந்து வாழ்வது. பழவேற்காடு, முட்டுக்காடு, பரங்கிப்பேட்டையிலுள்ள வெள்ளாற்று முகம் முதலிய இடங்களில், இடுப்பளவு தண்ணீரில் நின்று காலாலும் கையாலும் தடவி இதனைச் சேகரிக்கின்றனர். ஒரு பக்கம் பாறையோடு ஒட்டி வளரும் முரட்டு ஓட்டையுடைய ஆளியும் உண்ணத்தக்கதேயாயினும், அதனைத் திறக்கத் தனிக் கத்தியும் பழகிய கையும் வேண்டியிருத்தலால் இங்கு அதனை விட்டுவிடுகிறோம்.

இவை உணவு கொள்ளும் விதத்தை அறிந்துகொண்டால், இவற்றின் நன்மையும் தீமையும் ஒருங்கே விளங்கும். இவை இரை தேடி அலைவதில்லை. தண்ணீரை உள்ளே இழுத்துச் செவுள்களால் வடிகட்டி, அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளை உட்கொண்டு, எஞ்சிய நீரை வெளியே விடுகின்றன. முற்றிய சிப்பி ஒன்று மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரை இவ்வாறு வடிகட்டவல்லது. தீனி போட்டு வளர்க்க வேண்டாத பிராணி இது. ஆகவேதான் காசர்கோடு ஜில்லாவிலே படன்னை முதலிய கிராமங்களின் உப்பங்கழிகளில், 1990-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி தொட்டு, பெண்கள் குழுக்களாகக் கூடி மூங்கிற் சட்டங்களிற் கயிறு தொங்கவிட்டுச் சிப்பி வளர்க்கும் தொழில் பரவியது. ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி விதைச்சிப்பியைக் கயிற்றில் கட்டி, இடவப்பாதி மழை இறங்கி உப்பங்கழி நன்னீராகுமுன் எடுத்துவிடுகின்றனர். ஆனால் தண்ணீரில் உள்ள நல்லதை வடிகட்டும் செவுள், சாக்கடைக் கிருமியையும் ஆலைக் கழிவையும் கூடவே வடிகட்டிச் சேர்த்துவைக்கும். எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று கேளாமல் சிப்பி வாங்குதல், எந்தக் கிணற்று நீர் என்று கேளாமல் குடிப்பதை ஒக்கும். பட்டணத்துச் சாக்கடை வந்து விழும் வாய்க்கால் முகத்திலும், துறைமுக மதிலோரத்திலும் எடுத்தவற்றை விலை மலிவென்று வாங்கலாகாது. எண்ணூர்க் கழிமுகத்தில் 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய் கலந்து பரவியதைப் பலரும் அறிவர். அத்தகைய இடத்து மட்டியை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை.

இனி வாங்கும் முறை. சிப்பியும் மட்டியும் அடுப்பில் ஏறும் நேரம் வரையில் உயிரோடிருத்தல் வேண்டும். இதில் எவ்வித விட்டுக்கொடுத்தலும் கூடாது. செத்த மீனைப் பனிக்கட்டியில் வைத்து மறுநாள் சமைப்பதுண்டு. செத்த சிப்பியோ சில நாழிகையில் கெடத் தொடங்கிவிடும். உயிருள்ளது இறுக வாய் மூடியிருக்கும். சிறிது திறந்திருப்பதை மற்றொன்றால் தட்டினால், மெல்ல மூடிக்கொள்ளும். தட்டியும் மூடாததையும், ஓடு உடைந்ததையும் எறிந்துவிடுக. மற்றவற்றினும் மிகக் கனமாயிருப்பது சேறு நிறைந்த வெற்றோடாயிருக்கக்கூடும்; அத்தகைய ஒன்று பாத்திரத்தில் வாய்திறந்தால் முழுச் சமையலும் பாழாகும். கையில் எடுத்தால் கடல்வாசனை மட்டுமே வீசவேண்டும். வியாபாரிகள் ஓடு நீக்கிய இறைச்சியையும் கூறு வைத்து விற்பதுண்டு. வேலை மிச்சமென்று பலர் அதனை வாங்குகின்றனர். ஓடு நீங்கியபின் அது உயிரோடிருந்ததா என்று அறியும் வழி நமக்கு இல்லையாகையால், ஓட்டோடு வாங்குவதே உத்தமம்.

வீட்டிற்குக் கொண்டுவரும்போது பிளாஸ்டிக் பையில் வாய் கட்டி வைத்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். நனைத்த சாக்கில் தளர்வாகச் சுற்றி நிழலில் கொண்டுவருதல் வேண்டும். பனிக்கட்டி இடுவதானால் அடியில் இட்டு, உருகும் நீர் வடிந்தோடச் செய்க. நன்னீரில் ஊறப் போடுவது பெரும்பிழை. உப்புநீர்ப் பிராணி நன்னீரில் பிழையாது.

மட்டியின் மணலைப் போக்க, அதனையே வேலை செய்யவிடுவதுதான் வழி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 30 கிராம் கல்லுப்பு, அதாவது மேஜைக் கரண்டியால் மட்டமாய் இரண்டு, என்ற கணக்கில் கரைத்து அகன்ற பாத்திரத்தில் ஊற்றுக. மட்டி எடுத்த இடத்துத் தண்ணீரே ஒரு குடம் தெளிந்து கிடைக்குமாயின் அது இன்னும் நன்று. பாத்திரத்தின் அடியில் ஒரு சல்லடையைக் கவிழ்த்து, அதன்மேல் மட்டியைப் பரப்பி, நீர் மேலே மூடும் அளவாக இரண்டு மூன்று மணி நேரம் இருட்டான இடத்தில் வைத்தால், அவை வாய் திறந்து மணலைத் துப்பும். சல்லடை எதற்கெனில், துப்பிய மணல் அடியில் தங்கவேண்டும். இல்லையேல் அதனையே மறுபடி இழுத்துக்கொள்ளும். இடையில் ஒருமுறை நீரை மாற்றுக. பின்னர் மட்டியைக் கையால் அள்ளி எடுக்கவேண்டுமேயன்றி, நீரோடு சேர்த்துக் கவிழ்க்கலாகாது. இந்த உப்புநீரைக் கறிவேப்பிலைக் கன்றின் அடியிலோ கீரைப்பாத்தியிலோ ஊற்றிவிடாதபடி வீட்டாரை எச்சரித்து வைப்பது நலம். பாறைச் சிப்பிக்கு இத்துணை பாடில்லை. ஓட்டின் மேலுள்ள பாசியையும் ஒட்டுண்ணிகளையும் மழுங்கிய கத்தியாற் சுரண்டி, தேங்காய் நாரினால் தேய்த்துக் கழுவி, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நாரைச் சமைக்கும் தருணத்தில் பிடுங்கிவிட்டாற் போதும். முன்கூட்டியே பிடுங்கினால் விரைவிற் செத்துவிடும்.

வேகவைத்தல் மிகச் சுலபம்; அதிகம் செய்யாதிருப்பதே அதிலுள்ள திறமை. ஒரு கிலோ சிப்பிக்குக் கால் டம்ளர் தண்ணீர் போதும். சிப்பி தன் ஓட்டுக்குள் வைத்திருக்கும் நீரே வேண்டிய அளவு வெளிப்படும். அகன்ற பாத்திரத்தில் இட்டு, இறுக மூடி, அடுப்பை முழுவேகத்தில் எரியவிடுக. மூன்று நான்கு நிமிஷத்தில் ஓடுகள் திறக்கத் தொடங்கும். முதற் சிப்பி திறந்தவுடன் இறக்கிவிடுதல் தவறு. பெரும்பாலானவை திறந்தபின்னும் நான்கைந்து நிமிஷம் கொதிக்கவிட வேண்டும். மேனாடுகளில் அரைவேக்காட்டிலும், சிலர் பச்சையாகவுமே உண்பர். நமது கடற்கரைத் தண்ணீரின் நிலையை உத்தேசித்தால் அவ்வழக்கம் நமக்கு வேண்டியதில்லை. காமாலையை உண்டாக்கும் கிருமியும் வாந்திபேதிக் கிருமியும் பச்சைச் சிப்பி வாயிலாகப் பரவுதல் நிச்சயமாய் அறியப்பட்ட விஷயம். ஈரல் நோயுடையவர் பச்சையாக உண்டால் உயிருக்கே மோசம் வரக்கூடும். வெந்தபின்னும் வாய் திறவாதவற்றைக் கத்தியால் நெம்பித் திறக்க முயலாமல் ஒதுக்கிவிடுக. பத்து நிமிஷத்திற்கு மேல் வெந்தாலோ இறைச்சி சுருங்கி ரப்பர் போலாகும்.

திறந்த சிப்பிகளில் சிலவற்றின் இறைச்சி வெண்மையாகவும் சிலவற்றினது ஆரஞ்சு நிறமாகவும் இருக்கக் கண்டு, நிறமுள்ளது கெட்டுவிட்டதென எறிபவர் உண்டு. வெண்மையானது ஆண், நிறமுள்ளது பெண் என்பதன்றி வேறு வித்தியாசமில்லை. ஒரு கிலோ சிப்பியில் கால் கிலோவுக்கு மேல் இறைச்சியை எதிர்பார்க்கவேண்டாம்; மட்டியில் இன்னும் குறைவு. அடியில் தங்கிய நீரை மெல்லிய துணியில் வடிகட்டி, கடைசி மண்டியை மட்டும் விட்டுவிட்டு, பத்திரப்படுத்துக. கடலின் ருசி முழுதும் அந்நீரில்தான் இருக்கிறது. உப்பும் அதிலேயே உண்டு. ஆதலால் ருசி பாராமல் ஓர் இம்மி உப்பும் சேர்க்கலாகாது.

இனித் தழைத் துவையல். மேற்கூறிய ஒரு கிலோ சிப்பிக்குக் கொத்தமல்லித்தழை இரண்டு கைப்பிடி, புதினா அரைக் கைப்பிடி, பச்சைமிளகாய் மூன்று, விரற்கணு அளவு இஞ்சி, ஒரு சிட்டிகை சீரகம் ஆகியவற்றைத் தண்ணீர் விடாமல் அம்மியில் அரைத்துக்கொள்க. கொத்தமல்லியின் இளந்தண்டை எறியவேண்டாம். இலையைவிட வாசனை அதில் அதிகம். வாணலியில் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ இரண்டு கரண்டி விட்டு, பொடியாய் அரிந்த சின்ன வெங்காயம் எட்டும் பூண்டு நாலு பல்லும் சிவக்காமல் வதக்கி, வடிகட்டிய சிப்பி நீரை ஊற்றிப் பாதியாய்ச் சுண்டவிடுக. பிறகு வாணலியை அடுப்பினின்றும் இறக்கி, அரைத்த தழையைக் கலந்து, ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, சிப்பி இறைச்சியை அதில் போட்டுப் புரட்டுக. ஓட்டோடு வைத்துப் பரிமாறுவதானால் மேலே ஊற்றினாற் போதும். தழையை அடுப்பிலிட்டுக் கொதிக்கவிட்டால் பச்சை மாறிக் கறுத்து வாசனை போய்விடும். எலுமிச்சஞ்சாறு கொதித்தால் கசக்கும். ஆகையால்தான் இறக்கியபின் சேர்க்கச் சொன்னோம். காரம் மிகுதியாக வேண்டாதவர்கள் கால் மூடித் தேங்காயைத் திருகி, தழையோடு சேர்த்து அரைக்கலாம். புழுங்கலரிசிச் சோற்றுக்கும் ஆப்பத்துக்கும் இது மிகவும் ஏற்றது.

பிரான்சு, பெல்ஜியம் தேசங்களில் சிப்பிக்குச் செய்யும் பிரசித்தமான பக்குவமும் ஏறக்குறைய இதுவே. வெங்காயம், திராட்சை மது, நமது கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்த பார்ஸ்லி என்னும் தழை ஆகியவற்றோடு, சிப்பி விட்ட நீரிலேயே அதனை வேகவைக்கின்றனர். மலபாரில் சிப்பியின் வாய் திறந்து அரைத்த அரிசிமாவை உள்ளே அடைத்து, ஆவியில் அவித்து, மசாலை தடவிப் பொரித்தெடுப்பது விசேஷ பலகாரம். நமது பக்கத்தில் மட்டியை மிளகாய்ப்பொடி, கரம்மசாலை முதலியவை நிறைய இட்டு வறுக்கும் வழக்கம் அதிகம். ருசிக்கு அதனைக் குறைகூற மாட்டோம். ஆனால் அவ்வளவு மசாலையிட்டால் நல்ல சிப்பிக்கும் நாறிய சிப்பிக்கும் பேதம் தெரியாமற் போகும். தழைத் துவையலோ எதையும் மறைப்பதில்லை. கெட்டது ஒன்று கலந்திருந்தாலும் முதல் வாயிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இத்துவையலுக்கு வேண்டிய தழையைக் கடையில் வாங்கும் அவசியம் நிலமுடையவர்க்கு இல்லை. கொல்லையில் ஒரு சிறு பாத்தி போதும். கொத்தமல்லி விதையை அப்படியே தூவாமல், பலகையில் வைத்து இலேசாக உருட்டி இரண்டாய் உடைத்து விதைத்தால் முளைப்பு நன்றாயிருக்கும். 30 முதல் 40 நாளில் தழை பறிக்கலாம். கோடை வெயிலில் விரைந்து பூத்துவிடுமாகையால் அக்காலத்தில் அரை நிழலில் விதைக்க. புதினாவுக்கு விதை வேண்டாம். கிணற்றடியில் நாலு தண்டை ஊன்றினால் தானே படரும்.

போஷணையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். சிப்பி இறைச்சி 100 கிராமில் ஏறக்குறைய 10 முதல் 12 கிராம் புரதம் உண்டு, கொழுப்பு சொற்பம். இரும்புச் சத்தும், இரத்தம் ஊறுவதற்கு இன்றியமையாத பி-12 என்னும் ஜீவசத்தும் இதில் மிகுதி. சோகை பிடித்த பெண்களுக்கு ஏற்ற ஆகாரம். இறால், நண்டு உண்டால் தடிப்பும் மூச்சிரைப்பும் காணும் தேகமுடையவர் மட்டும், வைத்தியரைக் கேளாமல் இதனைத் தொடாதிருத்தல் வேண்டும்.

இனி, முதலிற் குறிப்பிட்ட அபாயத்துக்கு வருவோம். கிருமிகள் வேகவைத்தலால் அழியும். வேகவைத்தலால் அழியாத விஷம் ஒன்று உண்டு. கடலில் மிதக்கும் நுண்பாசிகளில் சில இனங்கள் நரம்பைத் தாக்கும் நஞ்சை உடையன. அவை பெருகும் காலத்தில் அவற்றை உண்ட சிப்பியும் மட்டியும் யாதொரு கேடுமின்றி உயிரோடிருக்கும். தட்டினால் வாய் மூடும். வாசனையும் ருசியும் மாறா. எவ்வளவு கொதிக்கவைத்தாலும், புளியிட்டாலும், உப்பிலிட்டாலும் அந்நஞ்சு நீங்காது. கல்பாக்கத்திற்கு அருகிலுள்ள வயலூரில் 1981-ஆம் வருஷம் மட்டி உண்டவர்களில் 3 பேர் இறந்தனர். 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். 1997-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் கேரளத்திலுள்ள விழிஞ்ஞத்தில் சிப்பி உண்டு 7 பேர் இறந்தனர். ஏறக்குறைய 500 பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. அவர்கள் கெட்டுப்போன பண்டத்தை உண்டவர்களல்லர். அன்றன்று எடுத்ததை வழக்கம்போற் சமைத்து உண்டவர்கள். சர்வதேச உணவு விதிகள் ஒரு கிலோ இறைச்சியில் 0.8 மில்லிகிராமுக்கு மேல் இந்நஞ்சை அனுமதிப்பதில்லை என்பதிலிருந்து, அதன் கொடுமையை ஊகிக்கலாம்.

இத்தகைய சம்பவங்கள் அடிக்கடி நேர்வன அல்ல. ஆயினும் சிறு சந்தைகளுக்கு வரும் சிப்பி ஒவ்வொன்றும் பரீக்ஷிக்கப்பட்டு வருவதன்றாகையால், கரையோரக் கிராமங்களில் கண்ணுங்கருத்துமாயிருக்க வேண்டியவர்கள் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவருமேயாவர். கடல்நீர் செம்மையாகவோ கபில நிறமாகவோ கரும்பச்சையாகவோ மாறித் தோன்றினாலும், காரணமின்றி மீன்கள் செத்து ஒதுங்கினாலும், அப்பகுதியில் சிப்பி, மட்டி எடுப்பதை உடனே நிறுத்தும்படி பறையறைந்தோ ஒலிபெருக்கியிலோ அறிவித்து, மீன்வளத் துறைக்குத் தகவல் அனுப்புதல் வேண்டும். நீர் தெளிந்தவுடன் அபாயம் தீர்ந்ததென்று கொள்ளலாகாது; சிப்பியின் உடலில் நஞ்சு வாரக்கணக்கில் தங்கியிருப்பதுண்டு. நீர் நிறம் மாறாமலே நஞ்சு சேர்வதும் உண்டாதலின், மனிதரிடத்துக் காணும் குறிகளையும் அறிந்திருத்தல் அவசியம். உண்ட அரைமணி முதல் சில மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் விரல்நுனியும் மரத்து, எறும்பு ஊர்வதுபோலத் தோன்றும். பின்னர் கைகால் தளரும், பேச்சுக் குழறும், முற்றினால் மூச்சு நின்றுபோகும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால் செயற்கைச் சுவாசம் கொடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உரிய காலத்தில் கொண்டுசென்றவர் பிழைப்பர்; நஞ்சு தானே உடலினின்றும் நீங்கிவிடும். ஆகவே வீட்டுவைத்தியத்தில் ஒரு நிமிஷமும் போக்கலாகாது. ஒரே நாளில் இரு வீடுகளில் இக்குறி கண்டதாகக் கேள்விப்பட்டால், மூன்றாம் வீட்டுக்காகக் காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அறிவித்து, ஊரில் எஞ்சிய சிப்பியை உண்ணாதபடி தடுத்து, பரீக்ஷைக்காகச் சிறிது எடுத்து வைக்கவேண்டும்.

மட்டி எடுக்கும் கழிமுகங்கள் உள்ள ஊர்களில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. குஞ்சு மட்டியைச் சுண்ணாம்புக்காக அள்ளிவிடுவதனால் சில வருஷங்களில் படுகை வெறுமையாகிறது. கொல்லத்தை அடுத்த அஷ்டமுடிக் காயலில் முட்டையிடும் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதை நிறுத்தி, வலையின் கண்ணளவையும் வரையறுத்துக் காத்து வந்தனர். அதன் பயனாக 2014-ஆம் வருஷத்தில் அக்காயல் மட்டிக்குச் சர்வதேச நற்சான்று கிடைத்தது. இந்தியாவில் அத்தகைய சான்று பெற்ற முதல் மீன்பிடி அதுவே.

உண்டபின் மிஞ்சும் ஓடுகளை வாசலில் எறிந்தால் ஈ மொய்த்து நாற்றமெடுக்கும். ஒட்டியிருக்கும் தசையைச் சுரண்டி, ஒரு கொதி கொதிக்கவைத்து, நாலைந்து நாள் வெயிலில் உலர்த்தி, உரலிலிட்டு நொய்யாக இடித்து வைத்துக்கொண்டால், முட்டையிடும் கோழிகளுக்குத் தீனியோடு தனித்தட்டில் வைக்கலாம். ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தேயாகையால் தோல்முட்டை இடுதல் நீங்கும். கோழி தனக்கு வேண்டிய அளவே பொறுக்கும். தீனியில் கலந்து திணிக்க வேண்டுவதில்லை.